அறுபத்து மூன்று மைல்

பதினேழு எழுத்தும் எண்ணும்.
முன்கண்ணாடியின் அடியோரம் குனிந்து
நேற்றே படமெடுத்து வைத்தது.
வூஸ்டரில் இரவு பதினொன்று.
அரிசிமாவு டப்பாவில் சாய்த்த கைபேசியைப் பார்த்து
ஒவ்வொன்றாகத் தட்டுகிறேன்,
ஐந்தா, எஸ்ஸா என்று ஒருமுறை தடுமாறி.

சாம்பல்நிற ஹோண்டாவின் வருடங்கள்
வரிசையாக வந்து விழுகின்றன.
ஜாதகம் என்று சொல்ல மாட்டேன்.
ஜாதகம் வரப்போவதைச் சொல்லி ஏமாற்றும்.
இது வந்ததை மட்டும் சொல்கிறது,
அதுவும் வருடத்துக்கு ஒரே ஒரு நாள்
அரை மணி நேரம் யாரோ பார்த்ததை.

2016, தேறியது.
2017, தேறியது.
2018, தேறவில்லை.
முன்பக்க வலது பால் ஜாயின்ட், ஒரு பிரேக் விளக்கு.
பதினோரு நாள் கழித்துத் தேறியது.
அந்தப் பதினோரு நாளும் ஓட்டினார்களா?
நானென்றால் ஓட்டியிருப்பேன்.

2020 பிப்ரவரி:
எண்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பத்து.
2021 பிப்ரவரி:
எண்பத்தெட்டாயிரத்து நானூற்று எழுபத்து மூன்று.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி கழித்தேன்.

"ஊரே வீட்டுக்குள் கிடந்த வருஷம் அது.
துருவைப் பார், கணக்கைப் பார்க்காதே"
என்றான் ஃபோனில் இளம்பரிதி.
மூன்று கார் வாங்கியவன்,
மூன்றிலும் ஏமாந்தவன்.

ஆனாலும் அறுபத்து மூன்று?
பால் வாங்கப் போய்வந்தாலே அதைவிட ஓடும்.
வெள்ளத்தில் நின்றதோ.
மீட்டரைத் திருப்ப வந்தவன் பாதியில் பயந்தானோ.
யாராவது செத்துப்போய்
சாவி ஆணியிலேயே தொங்கியதோ.
அப்படியென்றால்
ஓடாத வண்டியைத் தேதி தவறாமல்
சோதனைக்குக் கொண்டுபோனது யார்?

கிராஃப்டன் தெருவில் குவாபெனா காத்திருந்தார்.
ஆஸ்பத்திரிச் சீருடைமேல் கனத்த குளிர்க்கோட்டு.
முதலில், மரியாதைக்கு, பால் ஜாயின்ட்டைக் கேட்டேன்.
ரசீது காட்டினார்.
பிறகு உப்பும் சேறுமான பனியில்
பழைய யோகா பாயை விரித்து மல்லாந்து
வண்டியின் வயிற்றில் டார்ச் அடித்தேன்.
துரு இருந்தது. ஓட்டை இல்லை.
சுழி பார்த்து மாடு பிடிக்கிறவர்கள்கூட
இத்தனை கிட்டத்தில் போக மாட்டார்கள்.

படுத்தபடியேதான் கேட்டேன்,
முகம் பார்த்துக் கேட்கத் துணிவில்லாமல்:
அந்த அறுபத்து மூன்று மைல்?

அவருடைய பூட்ஸ் இரண்டும் கொஞ்சம் நகர்ந்தன.

"அந்த வருடம் நான் ஆஸ்பத்திரிப் பக்கத்து விடுதியிலேயே தங்கிவிட்டேன்,
வீட்டுக்கு நோயைக் கொண்டுவரக் கூடாதென்று.
ஞாயிறுதோறும் அகோசுவா
மூடிக்கிடந்த கடைத்தொகுதியின் காலி மைதானத்தில்
ஓட்டக் கற்றுக்கொண்டாள்.
பக்கத்து வீட்டு அல்பேனியக்காரர்தான் வாத்தியார்.
உள்ளே உட்காரப் பயம் அவருக்கு.
ஜன்னலுக்கு வெளியே
கத்திக்கொண்டே கூட நடந்தார்.
பின் பம்பரில் பள்ளம் பார்த்தீர்களா?
அது ஒரு விளக்குக் கம்பம்.
உங்கள் பட்டியலில் இருக்காது."

இல்லை. இருக்கவில்லை.

"இப்போது அவளிடம் இதைவிடப் பெரிய வண்டி."

நம்புவதா?
நிஜம் பொதுவாக இவ்வளவு நன்றாக இருக்காது.
ஆனால் நானும் ஒரு விசாப் படிவத்தில்
பத்து வருட முகவரிகளை
மாதம் விடாமல் நிரப்பியவள்.
இடையில் ஏழு மாதத்துக்கு
உறவினர் வீடு என்று எழுதினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
அந்த வரியில் பேனாவை நிறுத்தினார்.
பிறகு எடுத்துவிட்டார்.
உறவினர் என்று எனக்கு
அந்த ஊரில் யாரும் இருந்ததில்லை.

முந்நூறு குறைக்கச் சொன்னேன்.
இருநூறு குறைத்தார்.
பம்பருக்கு? என்றேன்.
"அதற்கு நான் கூடுதலாகக் கேட்க வேண்டும்."

ஏழு நாளுக்குள் சோதனைக்குப் போக வேண்டும்.
ஆறாம் நாள் போனேன்.
மெக்கானிக் ஹார்ன் அடித்தார்,
விளக்கு ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார்,
குனிந்து மீட்டரை வாசித்துத் தட்டினார்:
ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு.
பிளேடால் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டினார்.
பசை முழுதாகப் போகவில்லை.
அதன்மேலேயே புதியதை ஒட்டினார்,
கொஞ்சம் கோணலாக.